விளையாட்டு மேம்பாடு படிக்கலாமா, பி.பி.எட். போதுமா?

வண்டல்மண்:

எல்லோருக்கும் வணக்கம். ஊர் திருவாரூர் மாவட்டம். பி.ஏ. பொருளாதாரம் கடைசி ஆண்டில் இருக்கிறேன். பள்ளி நாளிலிருந்து கபடி. இப்போது பல்கலைக்கழக அணியில் இடது கார்னர். அடுத்து என்ன என்ற கேள்வியை வீட்டில் தினமும் சோற்றோடு சேர்த்துப் பரிமாறுகிறார்கள்.

அப்பாவுக்கு ஒரே வழிதான் தெரிகிறது. பி.பி.எட். என்ற உடற்கல்விப் பட்டத்தை முடி, உடற்கல்வி ஆசிரியராகு, ஊரோடு இரு. எனக்கு அதில் வெறுப்பு ஒன்றும் இல்லை. ஆனால் கல்லூரிக்கு வந்த ஒரு வெளிநாட்டுக் கல்வி முகவர், பிரிட்டனில் விளையாட்டு மேம்பாடு என்று ஓராண்டு முதுநிலைப் படிப்பு இருப்பதாகச் சொல்லி, வழுவழுப்பான கையேடு ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். முடித்தால் ஒலிம்பிக் சங்கத்திலேயே வேலை கிடைக்குமாம். எங்கள் சீனியர் அக்கா ஒருவரோ, மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு மேலாண்மை எம்.பி.ஏ. இருக்கும்போது கடல் தாண்டுவானேன் என்கிறார்.

மூன்றும் ஒன்றுதானா, வேறு வேறா? விளையாட்டு மேம்பாடு என்று தனியாகப் படிக்க அதில் அப்படி என்ன இருக்கிறது? கடன் வாங்கித்தான் படிக்க வேண்டியிருக்கும், அதனால் வங்கியில் இருப்பவர்களும் சொல்லலாம்.

பழைய விசில்:

மகளே, ஒலிம்பிக் வேலை என்று முகவர் சொன்னதை முதலில் மறந்துவிடு. சேர்க்கைக்கு ஆள் பிடித்தால் அவருக்குத் தரகு உண்டு. கையேடு வழுவழுப்பாக இருப்பது அதனால்தான்.

நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் உடற்கல்வி இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவன். படித்தது நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920இல் தொடங்கியது. ஆசியாவின் முதல் உடற்கல்விக் கல்லூரி. இந்திய ஒலிம்பிக் சங்கமே 1927இல்தான் வந்தது. சங்கத்துக்கு முன்பே ஆசிரியர்களை உருவாக்க வேண்டும் என்று அந்த மனிதருக்குத் தோன்றியிருக்கிறது பார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணியோடும் அவர் போனார்.

பி.பி.எட். என்றால் ஏதோ விசில் ஊதக் கற்றுக்கொடுப்பது என்று நினைத்துவிடாதே. உடற்கூறு, உடலியங்கியல், பயிற்சி முறை, அளவீடு எல்லாம் உண்டு. 400 மீட்டர் ஓடுபாதைக்குக் கயிறும் ஆணியும் சுண்ணாம்புத் தூளும் வைத்து நீயே கோடு போட வேண்டும். முதல் பாதையை உள்விளிம்பிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி அளக்க வேண்டும், மற்றப் பாதைகளை 20 சென்டிமீட்டர் தள்ளி. பாதையின் அகலம் 1.22 மீட்டர் என்றால் இரண்டாம் பாதைக்காரரை 7.04 மீட்டர் முன்னால் நிறுத்த வேண்டும். இதை ஒருமுறை கையால் போட்டவர்கள் பிறகு எந்த மாவட்டப் போட்டிக்குப் போனாலும் அங்கே யாரும் ஏமாற்ற முடியாது. மேம்பாடு, மேலாண்மை எல்லாம் இதற்கு மேல் கட்டுகிற மாடி. தரைத்தளம் முதலில் போடு.

கணக்குப்பிள்ளை:

ஐயா சொன்ன தரைத்தளத்தில் எத்தனை பேருக்கு இடம் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும் அல்லவா? 2012இல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் உடற்கல்வி, ஓவியம், தையல், கணினி என்று 16,549 பேரைப் பகுதிநேர ஆசிரியர்களாக எடுத்தார்கள். வாரத்தில் மூன்று அரை நாள், மாதம் 5,000 ரூபாய். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி 2024இல் 12,500 வரை வந்தது. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் நடத்தாத போராட்டம் இல்லை. என் மைத்துனர் அதில் ஒருவர். பி.பி.எட். முடித்தவர், மாலையில் இறகுப்பந்து அரங்கில் பயிற்சி கொடுத்துத்தான் குடும்பம் நடத்துகிறார்.

படிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. பி.பி.எட். என்றால் அரசு வேலை என்று அப்பா மனதில் ஒரு சமன்பாடு இருந்தால், அதை இப்போதே சரிபார்த்துக்கொள்ளச் சொல்கிறேன்.

யார்க்‌ஷயர் சாரல்:

பிரிட்டனில் அந்த விளையாட்டு மேம்பாட்டுப் படிப்பைப் படித்தவள் நான். இங்கே ஒரு நகராட்சியின் சமூக விளையாட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். தங்கையே, முதலில் ஒன்று. இது பயிற்சியாளராவதற்கான படிப்பு அல்ல, விளையாட்டு அறிவியலும் அல்ல. ஒரு வீராங்கனையை இன்னும் வேகமாக ஓட வைப்பது எப்படி என்பது அவர்கள் பாடம். இந்தத் தெருவில் ஓடாத பெண்கள் யார், அவர்கள் ஏன் ஓடவில்லை, அதற்கு யாருடைய பணத்தை எப்படிக் கேட்டு என்ன செய்யலாம் என்பது எங்கள் பாடம். முதல் பருவம் முழுக்க மைதானத்தையே பார்க்கவில்லை. கொள்கை, நிதி, சங்க நிர்வாகம், ஆய்வு முறை இவைதான். பந்தைத் தொட்டால்தான் உயிர் தரிக்கும் என்பவர்களுக்கு இது பெரிய தண்டனை.

இந்தத் துறை இங்கே எப்படி வந்தது என்ற கதையைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் புரியும். 1972இல் விளையாட்டுக் கவுன்சில் அமைத்து, அனைவருக்கும் விளையாட்டு என்று முழங்கினார்கள். நீச்சல் குளங்களும் உள்ளரங்குகளும் கட்டித் தள்ளினார்கள். கட்டிய இடத்துக்கு ஏற்கெனவே விளையாடிக்கொண்டிருந்த நடுத்தர வர்க்க ஆண்கள்தான் அதிகம் வந்தார்கள். 1981இல் லண்டனின் பிரிக்ஸ்டனிலும் லிவர்பூலின் டாக்ஸ்டெத்திலும் கலவரங்கள். வேலை இல்லாத இளைஞர்கள் தெருவில் நிற்பதைப் பார்த்து அரசு பயந்தது. அடுத்த ஆண்டே லண்டனிலும் மேற்கு மிட்லண்ட்ஸிலும் 'ஆக்‌ஷன் ஸ்போர்ட்' என்ற திட்டம் வந்தது. கட்டடத்துக்குப் பதில் ஆட்களுக்குச் சம்பளம் கொடுத்துத் தெருவுக்கும் பூங்காவுக்கும் அனுப்பினார்கள். இன்று நான் பார்க்கும் வேலையின் முன்னோர்கள் அவர்கள்தான். போலீசுக்குப் பதிலாகப் பந்தைக் கொடுத்து அனுப்பினார்கள் என்று திட்டுபவர்களும் உண்டு. வகுப்பில் இதைப் பற்றி நாங்கள் போட்ட சண்டை கொஞ்சமில்லை.

பிறகு 2012 லண்டன் ஒலிம்பிக். நம் ஊரில் பதக்கம் வந்தால் பிள்ளைகள் தானாக மைதானத்துக்கு வருவார்கள் என்கிறோமே, அதே நம்பிக்கையில் கூடுதலாகப் பத்து லட்சம் பேரை விளையாட வைப்போம் என்று இங்கே இலக்கு வைத்தார்கள். போட்டி தொடங்கும் முன்பே அந்த இலக்கைக் கைவிட்டார்கள். இதற்கு நேர் எதிர், பார்க்ரன். 2004 அக்டோபரில் லண்டனின் புஷி பூங்காவில் 13 பேர் ஓடியதில் ஆரம்பித்தது. சனிக்கிழமை காலை, 5 கிலோமீட்டர், கட்டணம் கிடையாது, நடந்தாலும் சரி, கடைசியாக வருபவர்களுக்கும் கை தட்ட ஒரு தன்னார்வலர் நிற்பார். 2018 முதல் குடும்ப மருத்துவர்களே நோயாளிகளை அங்கே அனுப்புகிறார்கள். அரங்கம் இல்லை, பதக்கம் இல்லை. ஏன் ஒன்று பலித்தது, மற்றது பலிக்கவில்லை என்று உட்கார்ந்து யோசிப்பதற்கு ஓராண்டு போதாது.

பழைய விசில்:

காலையில் பூங்காவில் ஓடுவதற்கு ஒரு முதுநிலைப் பட்டமா? எங்கள் ஊரில் நாய் துரத்தினாலே ஐந்து கிலோமீட்டர் ஓடுவார்கள்.

யார்க்‌ஷயர் சாரல்:

ஐயா, நாய்க்குப் பயந்துதான் பெண்கள் ஓட வருவதில்லை என்று கண்டுபிடித்து எழுதியிருந்தால் அதற்கு நல்ல மதிப்பெண் கிடைத்திருக்கும். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. நாய், தெருவிளக்கு, கழிப்பறை, பஸ் நேரம் இவைதான் எங்கள் பாடம்.

வண்டல்மண்:

அக்கா, நீங்கள் சொன்னதும் எங்கள் ஊர்க் கதை ஞாபகம் வருகிறது. இது அதில் சேருமா என்று சொல்லுங்கள்.

நாங்கள் கற்றது முழுக்க மண் ஆடுகளத்தில். வெறுங்கால். காலையில் தண்ணீர் தெளித்து மண்ணைப் பதப்படுத்திவிட்டுக் கபடி பாடுவோம். மண்ணில், பாடி வருகிற ரெய்டருடைய கணுக்காலைப் பிடித்தால் அவள் கால் புதையும், அந்தக் கண நேரம் நமக்குப் போதும். மாநிலத் தேர்வுக்குப் போனால் அங்கே மேட், அதாவது செயற்கை விரிப்பு. ரப்பர் அடிப்பாகம் கொண்ட ஷூ போட வேண்டும். முதல் நாள் என் கால் எனக்கே சொந்தமில்லை. மேட் மீது கால் சட்டென்று நின்றுவிடும், ரெய்டர் திரும்புகிற வேகம் இரண்டு மடங்கு. முட்டி தேய்ந்து தோல் உரிந்து எரியும். மண்ணில் வரும் சிராய்ப்பு வேறு, இது வேறு. எங்கள் அணியில் என்னைவிடப் பிடி நன்றாகத் தெரிந்த இருவர் அந்தத் தேர்வில் வெளியே போனார்கள். நகரத்துப் பிள்ளைகளுக்குப் பிடி தெரியாது, ஆனால் மேட் தெரியும்.

இத்தனைக்கும் அருகே ஒரு நகரத்தில் மேட் இருந்தது. துண்டு துண்டாகக் கோத்து விரிக்கிற வகை. அதை ஓர் அறையில் அடுக்கிப் பூட்டி வைத்திருந்தார்கள். அதிகாரிகள் வரும் நாளில் மட்டும் வெளியே வரும். கேட்டால், அழுக்காகிவிடும் என்றார் சாவி வைத்திருந்தவர்.

இன்னொன்று, எட்டாம் வகுப்பில் எங்களோடு பாடியவர்களில் பாதிப் பேர் பத்தாம் வகுப்பில் இல்லை. பொதுத்தேர்வு என்றார்கள். உண்மையில் அரைக்கால் சட்டைதான் காரணம் என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் சொல்லவில்லை.

யார்க்‌ஷயர் சாரல்:

சேருமாவா? உன் ஆய்வேட்டின் முதல் அத்தியாயமே இதுதான்.

இதை நான் படித்த முறையில் பிரித்துப் பார்க்கிறேன். மேட் வாங்கப் பணம் இருந்திருக்கிறது, வாங்கியும் விட்டார்கள். ஆகவே இது நிதிப் பிரச்சினை அல்ல. மேட் கிழிந்தால் சாவிக்காரர் பதில் சொல்ல வேண்டும். மேட் பயன்படாமல் கிடந்தால் யாரும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். அவர் இடத்தில் நான் இருந்தாலும் பூட்டித்தான் வைப்பேன். வாரத்தில் இத்தனை மணி நேரம் எத்தனை பெண்கள் அதன் மீது பாடினார்கள் என்று மாதாமாதம் கேட்கிற ஆள் ஒருவர் இருந்தால் பூட்டு திறக்கும். அந்த ஆள்தான் விளையாட்டு மேம்பாட்டு அலுவலர். அரைக்கால் சட்டைக்கு அதைவிட எளிய வழி உண்டு: உள்ளூர்ப் போட்டியிலாவது முழு நீள டிராக் பேன்ட் போட்டுப் பாடலாம் என்று நடத்துகிறவர்கள் அறிவித்தால், எத்தனை பேர் திரும்பி வருகிறார்கள் என்று ஒரு பருவத்துக்கு எண்ணிப் பார். வரவில்லை என்றால் காரணம் வேறு. அப்போது வீட்டுக்குப் போய் அம்மாக்களிடம் பேச வேண்டும்.

கோட்டையூர்க்காரன்:

மேலக்கோட்டையூரில் எம்.பி.ஏ. முடித்தவன். முழு அனுபவத்தையும் எழுத நேரமில்லை, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன்.

பாடத்தில் பாதி எந்த எம்.பி.ஏ.விலும் இருப்பதுதான்: கணக்கியல், சந்தைப்படுத்தல், மனிதவளம். மீதிப் பாதியில் போட்டி நடத்துதல், அரங்க நிர்வாகம், விளம்பரதாரர் பிடித்தல், விளையாட்டுச் சட்டம். வளாகத்தில் நம்மோடு சாப்பிடுகிறவர்கள் உடலியங்கியல், விளையாட்டு உளவியல், யோகா என்று வேறு வேறு துறைக்காரர்கள். எனக்கு வகுப்பைவிட அது அதிகம் பயன்பட்டது.

2022இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட், 2024 ஜனவரியில் சென்னை, திருச்சி, மதுரை, கோவையில் கேலோ இந்தியா இளையோர் போட்டி என்று பெரிய நிகழ்ச்சிகள் தமிழ்நாட்டுக்கு வந்தன. அப்போது எங்களைப் போன்றவர்களுக்குக் கை நிறைய வேலை. பெயர்ப் பலகை வைத்துக்கொண்டு விமான நிலையத்தில் நின்றதும், அணிகளின் பஸ் நேரத்தை மாற்றி மாற்றி எழுதியதும் வேலைதான். பொறுமை உள்ளவர்களுக்கு மேலே ஏற இடம் உண்டு. போட்டி முடிந்த மறுநாள் வேலையும் முடிந்துவிடும் என்பதுதான் சிக்கல்.

நிலையான வேலை எங்கே என்றால், நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி. 2013 கம்பெனிகள் சட்டப்படி குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபம் ஈட்டும் நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் செலவிட வேண்டும். எதற்கெல்லாம் செலவிடலாம் என்ற ஏழாம் அட்டவணையில் கிராமப்புற விளையாட்டுக்கும் ஒலிம்பிக், பாராலிம்பிக் விளையாட்டுக்குமான பயிற்சி இருக்கிறது. அந்தப் பணத்தைச் சரியாகச் செலவழித்து அறிக்கை எழுதத் தெரிந்தவர்கள் குறைவு. 1999இல் மும்பையில் தொடங்கிய மேஜிக் பஸ் மாதிரி, விளையாட்டை வைத்துக் கல்வியும் வாழ்க்கைத் திறனும் கற்றுக்கொடுக்கும் அமைப்புகளும் ஆள் எடுக்கின்றன. யார்க்‌ஷயர் அக்கா சொல்வது நம் ஊரில் நடப்பது பெரும்பாலும் இந்த இரண்டு இடங்களில்தான்.

பழைய விசில்:

அரசை ஏன் விட்டுவிட்டாய்? 1992இல் அமைத்த தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் இருக்கிறது. மாவட்டந்தோறும் விளையாட்டு மற்றும் இளைஞர் நலன் அலுவலர் இருக்கிறார். விளையாட்டு விடுதிகள் இருக்கின்றன.

கோட்டையூர்க்காரன்:

இருக்கின்றன ஐயா. ஆனால் மாவட்டத்துக்கு ஓர் அலுவலர் என்றால் எத்தனை ஊராட்சிகளை அவர் பார்ப்பார்? 2024இல் கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு என்று 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் கொடுக்கும் திட்டம் தொடங்கியது. சட்டமன்றத் தொகுதிக்கு ஒன்று என்று 3 கோடி ரூபாயில் சிறு விளையாட்டரங்கம் கட்டும் திட்டமும் உண்டு. பொருளும் கட்டடமும் வரும். மாலை ஐந்து மணிக்கு அதைத் திறந்து வைத்து, பிள்ளைகள் பெயரை எழுதி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை யார் நின்றுபோனார்கள் என்று பார்க்கிற பதவி எந்த அரசாணையில் இருக்கிறது? அது உருவானால் இந்தப் பட்டங்களுக்கு அன்றைக்கே மதிப்பு வந்துவிடும்.

வன்னி மேற்கு:

இலங்கையிலிருந்து ஒரு குறிப்பு. எங்களுக்குச் சப்ரகமுவ பல்கலைக்கழகத்தில், பெலிஹுல்ஓயாவில், விளையாட்டு விஞ்ஞானமும் உடற்கல்வியும் பட்டப்படிப்பாக உண்டு. உயர்தரப் பரீட்சைப் பெறுபேற்றோடு விளையாட்டுத் தகைமையும் பார்ப்பார்கள். படிப்பு ஆங்கில மொழியில். வடக்கிலிருந்து போகிற பிள்ளைகள் முதல் வருடம் மொழியோடு மல்லுக்கட்டுவார்கள், பிறகு சமாளித்துக்கொள்வார்கள். போருக்குப் பிந்திய ஊர்களில் தமிழ், சிங்களப் பிள்ளைகளை ஒரே அணியில் கலந்து விளையாடவிடும் திட்டங்கள் பல வந்து போயின. ஒரு நாள் போட்டி, ஒரே நிறச் சட்டை, ஒரு புகைப்படம். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளைகள் சந்திக்கவே இல்லை. யார்க்‌ஷயர் அக்கா, இந்த வகையை உங்கள் வகுப்பில் எப்படிப் பார்ப்பார்கள்?

யார்க்‌ஷயர் சாரல்:

கடுமையாகத்தான். புகைப்படம் எடுப்பதோடு திட்டம் முடிந்தால் அது கொடையாளருக்காக நடந்தது என்றே எழுதுவார்கள். நைரோபியில் மத்தாரே இளைஞர் விளையாட்டு அமைப்பு 1987இல் தொடங்கியது. அங்கே சேரியில் குப்பை அள்ளினால் கால்பந்து லீக்கில் அணிக்குப் புள்ளி சேரும். பிள்ளைகளே லீக்கை நடத்துகிறார்கள். எல்லா வகுப்பிலும் அந்த உதாரணம் வருவதற்குக் காரணம் குப்பை அல்ல, வாராவாரம் லீக் நடப்பது. ஒரே நாள் போட்டியால் நட்பு வளரும் என்று யாராவது சொன்னால் எத்தனை வாரம் என்று கேளுங்கள்.

கணக்குப்பிள்ளை:

இப்போது பணம். பிரிட்டனில் இந்த முதுநிலைக்குக் கட்டணம் மட்டும் 15 முதல் 20 ஆயிரம் பவுண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓராண்டு சாப்பாடு, வாடகை தனி. கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் பொதுவாக வங்கி பிணைச் சொத்துக் கேட்கும். அப்பாவின் நிலப் பத்திரம் அங்கேதான் போகும்.

திரும்பக் கட்ட அங்கேயே வேலை பார்க்கலாம் என்பது முகவர்களின் வாய்ப்பாடு. படிப்புக்குப் பிந்தைய விசா இரண்டு ஆண்டு. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதமாகக் குறைகிறது. அதற்குப் பிறகு நிறுவனம் விசா எடுத்துக் கொடுக்க வேண்டும் என்றால் 2025 ஜூலை முதல் பொதுச் சம்பள வரம்பு ஆண்டுக்கு 41,700 பவுண்டு. படித்துவிட்டுப் புதிதாக வருபவர்களுக்குச் சலுகை வரம்பே 33,400. யார்க்‌ஷயர் அம்மா, உங்கள் துறையில் தொடக்கச் சம்பளம் இதைத் தொடுமா?

யார்க்‌ஷயர் சாரல்:

தொடாது. என் முதல் வேலையின் சம்பளம் அந்தச் சலுகை வரம்புக்கே கீழே. என் கணவர் வேலை காரணமாக எனக்கு விசாக் கவலை இருக்கவில்லை. என்னோடு படித்த இந்தியப் பிள்ளைகளில் இங்கேயே தங்கியவர்கள் பலர் உடற்பயிற்சிக் கூட நிர்வாகத்துக்கோ முற்றிலும் வேறு வேலைக்கோ போய்விட்டார்கள். முகவர் இதைச் சொல்லியிருக்க மாட்டார்.

மாலைப் பயிற்சி:

இத்தனை நேரம் வாசித்துக்கொண்டிருந்தேன். சென்னையில் ஒரு மறுகுடியமர்வுப் பகுதியில் பெண் பிள்ளைகளுக்கு மாலையில் கபடி சொல்லிக்கொடுக்கிறேன். பட்டம் எதுவும் இல்லை. கண்ணகி நகர் கார்த்திகா 2025 அக்டோபரில் பஹ்ரைன் ஆசிய இளையோர் போட்டியில் கபடித் தங்கம் வென்ற இந்திய அணியில் இருந்தாரே, அந்த வாரம் எங்கள் பயிற்சிக்குப் புதுப் பிள்ளைகள் வந்து குவிந்தார்கள். யார்க்‌ஷயர் தோழி சொல்லும் லண்டன் கதை எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்பதற்காகச் சொல்கிறேன். பக்கத்துத் தெருப் பெண் மாதிரி ஒருத்தி ஜெயித்தால் பிள்ளைகள் வருவார்கள்.

ஆனால் அவர்களை நிறுத்திவைக்க எங்களிடம் ஒன்றும் இல்லை. ஒரு நிறுவனம் உதவ முன்வந்தது. படிவம் அனுப்பினார்கள். எதிர்பார்க்கும் விளைவு, அதை அளக்கும் முறை, குழந்தைப் பாதுகாப்புக் கொள்கை என்று மூன்று பத்திகளை நிரப்பத் தெரியாமல் அந்தப் பணம் கை நழுவியது. பயிற்சியாளர் இருக்கிறேன், பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த மூன்று பத்திகளை எழுதுகிற ஆள் இல்லை. அப்படி ஓர் ஆள் எனக்கு வேண்டும். அதற்காகவே ஒருவர் படிக்கிறார் என்றால் தாராளமாகப் படிக்கட்டும்.

குழந்தைப் பாதுகாப்பை யாரும் பேசவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். 2023 ஜனவரியில் மல்யுத்த வீராங்கனைகள் பாலியல் துன்புறுத்தல் புகாரோடு டெல்லி ஜந்தர் மந்தரில் போராட்டத்தில் உட்கார்ந்தபோது எங்கள் பிள்ளைகளின் அம்மாக்கள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, வெளியூர்ப் போட்டிக்கு யார் கூடப் போவார்கள், யார் எந்த அறையில் தங்குவார்கள் என்பதுதான். புகார் சொல்ல யாரிடம் போவது, அந்த ஆளே புகாருக்கு உரியவர் என்றால் என்ன செய்வது? பி.பி.எட்.டில் இதற்கு எத்தனை வகுப்பு, ஐயா?

பழைய விசில்:

எங்கள் காலத்தில் ஒன்றுமில்லை அம்மா. கேள்வி நியாயம்.

யார்க்‌ஷயர் சாரல்:

இங்கே 2001 முதல் விளையாட்டில் குழந்தைப் பாதுகாப்புக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. குழந்தைப் பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் ஒரு சங்கமும் பொதுப்பணம் வாங்க முடியாது. எனக்கு அந்த ஒரு பாடத்துக்காகவே படித்தது தகும். தோழி, அந்த மூன்று பத்திகளையும் எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், சேர்ந்து எழுதலாம்.

பழைய விசில்:

பயிற்சியாளர் வழியும் ஒன்று இருக்கிறது, அதை இந்தப் பெண் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். பாட்டியாலாவில் 1961இல் மோதிபாக் அரண்மனையில் தொடங்கிய தேசிய விளையாட்டு நிறுவனம், நாங்கள் என்.ஐ.எஸ். என்போம். பயிற்சியாளர் வேலைக்கு அந்தப் பட்டயம்தான் பெரிய தகுதி. புதுக்கோட்டை மாவட்டத்துச் சாந்தி சௌந்தரராஜன் 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனை என்று சொல்லிப் பதக்கத்தைப் பறித்தார்கள். செங்கல் சூளையில் கூலி வேலை பார்க்கும் நிலைக்குப் போனார். 2013இல் அதே பாட்டியாலாவில் தடகளப் பயிற்சியாளர் பட்டயம் முடித்து, பிறகு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்சியாளரானார். பதக்கத்தைப் பறித்தவர்களால் அந்தச் சான்றிதழைப் பறிக்க முடியவில்லை. பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிடம் இதைவிடப் பெரிய கதை கிடையாது.

வண்டல்மண்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு இழை முழுவதையும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். நிலப் பத்திரம் என்ற இடத்தில் எழுந்து வெளியே போய்விட்டார். 12,500 ரூபாய் என்பதைத் திரும்ப ஒருமுறை வாசிக்கச் சொன்னார்.

இப்போதைக்கு என் எண்ணம் இது. பிரிட்டன் வேண்டாம். சம்பளக் கணக்கு உதைக்கிறது. மேலக்கோட்டையூர் எம்.பி.ஏ.வுக்கு விண்ணப்பிக்கிறேன். பி.பி.எட். நுழைவுத் தேர்வும் எழுதிவைக்கிறேன், ஐயாவுக்காக இல்லை, 7.04 மீட்டர் எப்படி வருகிறது என்று தெரிந்தே ஆக வேண்டும் என்பதற்காக. இடையில் இருக்கும் கோடையில் எங்கள் ஒன்றியத்துப் பள்ளிகளில் எட்டாம் வகுப்புக்குப் பிறகு கபடியை விட்ட பெண்களின் பட்டியலை எடுக்கலாம் என்று இருக்கிறேன். மாலைப் பயிற்சி அக்கா, உங்கள் பகுதியிலும் இதே கேள்விகளைக் கேட்டால் ஒப்பிடலாம். என்ன கேட்க வேண்டும் என்று யார்க்‌ஷயர் அக்கா ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் போதும்.

கடைசியாக ஒரு கேள்வி. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடியதற்கு எனக்குப் பங்கேற்புச் சான்றிதழ் மட்டும்தான் இருக்கிறது. விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு அது போதுமா?

பழைய விசில்:

போதாது. கல்லூரியை விட்டு வெளியேறும் முன் படிவம் வாங்கு. மத்திய அரசு வேலை ஒதுக்கீட்டில் சர்வதேசப் போட்டிக்குப் படிவம் 1, தேசியப் போட்டிக்கு 2, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலானதற்கு 3, பள்ளிகளுக்கான தேசியப் போட்டிக்கு 4. உனக்கு வேண்டியது மூன்றாவது. அதில் கையெழுத்துப் போட வேண்டியவர் உன் கல்லூரி முதல்வர் அல்ல, பல்கலைக்கழகத்தில் விளையாட்டுக்குப் பொறுப்பான அதிகாரி. பங்கேற்புச் சான்றிதழ், அணிப் பட்டியல், மதிப்பெண் தாள் மூன்றையும் எடுத்துக்கொண்டு நேரில் போ. பெயரின் முதலெழுத்து எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று இன்றைக்கே பார்.

7.04 எப்படி என்றால், 1.22 உடன் 0.20 கூட்டி 0.30 கழி, வருவதை 2π-ஆல் பெருக்கு. தேர்வுக்கு முன் நீயே கோடு போட்டும் பார்த்துவிடு.